உன் கருத்துக்கு யாரிடம் அனுமதி கேட்கிறாய்?

நானூற்று அறுபத்திரண்டு. இந்த எண்ணை முதலில் மனசில் போட்டுக்கொள், தம்பி.

2013 மே 5ஆம் தேதி மலேசியப் பொதுத் தேர்தல். கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் மஇகாவின் தேசியத் தலைவர் ஜி. பழனிவேலே களத்தில் இறங்கினார். ஜசெகவின் எம். மனோகரனை அவர் வென்ற பெரும்பான்மை 462 ஓட்டு. ஒரு கட்சியின் தலைவர், அதிகாரத்தில் இருந்தவர், 462 ஓட்டில் தப்பிப் பிழைத்தார். அடுத்தது 2018 மே 9. அதே மனோகரன், இந்த முறை எதிரில் சி. சிவராஜ். வித்தியாசம் 597. திருவிழா நாளில் பிரிஞ்சாங் முருகன் கோயில் அன்னதான வரிசையில் நிற்கிற கூட்டம் இதைவிடப் பெரிது.

கதை அங்கேயே முடியவில்லை. தோற்ற மனோகரன் தேர்தல் நீதிமன்றத்துக்குப் போனார். ஓராங் அஸ்லி பூர்வகுடி வாக்காளர்களுக்குப் பணம் தரப்பட்டது என்று கண்ட நீதிமன்றம், 2018 நவம்பர் 30ஆம் தேதி அந்த வெற்றியையே ரத்து செய்தது. 2019 ஜனவரி 26ஆம் தேதி இடைத்தேர்தல். ரம்லி முகமட் நோர் வென்றார். இந்த நாட்டின் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஓராங் அஸ்லி அவர்தான். பிறகு மக்களவையின் துணைச் சபாநாயகரும் ஆனார். எந்த மக்களின் ஓட்டைச் சில நூறு வெள்ளிக்கு வாங்கிவிடலாம் என்று யாரோ கணக்குப் போட்டார்களோ, அந்த மக்களில் ஒருவர் இன்று சபையை நடத்தும் நாற்காலியில் உட்காருகிறார். அவர் எந்தக் கட்சி, அந்தக் கட்சி உனக்குப் பிடிக்குமா என்பதெல்லாம் வேறு சண்டை. நான் சொல்லவந்தது ஒன்றுதான். இவ்வளவும் நடந்தது உன் மலையில். நீ ரொட்டி சானாய் சாப்பிடுகிற தானா ராத்தா கடைத்தெருவில் ஒட்டிய சுவரொட்டிகளோடு நடந்தது.

அப்படியிருந்தும் நீ என்ன சொல்கிறாய்? "நாம சொல்லி என்னண்ணே ஆகப் போவுது?"

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் இன்றைக்கு உன் வாயிலிருந்து பிடுங்கப் போகிறேன்.

இதன் வேர் சோம்பலில் இல்லை, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். நம் தாத்தா பாட்டி அனுபவப்பட்டுக் கற்றுக்கொண்ட பாடம் அது. 1885இல் நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரன் பேர் மலைக்கு நின்றது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அவர் பேரும் புத்தகத்தில் இருக்கிறது. காட்டை வெட்டி, சரிவில் குழி போட்டு, குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கன்று நட்டவர்களின் பேர் எந்த மேட்டுக்கும் வைக்கப்பட்டு நான் பார்த்ததில்லை. விடிவதற்கு முன்னால் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். கங்காணி பேர் கூப்பிடுவார், கிராணி எழுதுவார், துரை பார்ப்பார். அந்த வரிசையில் நின்றவனுக்கு வாய் இருந்தது, பேச இடம் இல்லை. வீடு தோட்டத்துடையது. தண்ணீர் தோட்டத்துடையது. ஆயாக்கொட்டகையில் கிடக்கிற பிள்ளையும் தோட்டத்தை நம்பித்தான் கிடக்கிறது. எதிர்த்துப் பேசினால் வேலை மட்டுமா போகும்? கூரையும் சேர்ந்து போகும்.

ஆனால் அந்த வரிசையில் எல்லோரும் தலை குனிந்தே நின்றார்கள் என்று யார் உனக்குச் சொன்னது?

1941. கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்கள். ஆர்.எச். நாதன் என்ற இளைஞர் முன்னே நிற்க, தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைப் பட்டியலைப் படித்துப் பார். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலியை எங்களுக்கும் கொடு என்று கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும், பெண்களிடம் வாலாட்டாதே என்றார்கள். துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க மாட்டோம் என்றார்கள். அதே பட்டியலில், கூலிக்கும் கள்ளுக்கும் பக்கத்தில், இன்னொரு கோரிக்கையும் இருந்தது. பேச்சுரிமை. கூட்டம் கூடும் உரிமை.

யோசித்துப் பார், தங்கச்சி. நாள் கூலிக்கு ரப்பர் மரம் சீவியவர்கள். பலருக்குக் கையெழுத்துப் போடவே தெரியாது. அவர்கள் அரிசியையும் கேட்டு, கருத்தையும் கேட்டார்கள். வயிறு நிறைந்த பிறகு வாயைத் திறக்கலாம் என்று தள்ளிப் போடவில்லை. வாயைத் திறக்காமல் வயிறு நிறையாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளைக்கார அரசு படையை அனுப்பியது, சுட்டது, உயிர்கள் போயின. நாதனைப் பிடித்து நாடு கடத்தியது. எட்டு வருஷம் கழித்து, 1949 மே 4ஆம் தேதி, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியைப் புடு சிறையில் தூக்கில் போட்டது.

ஆக, நம் பெரியவர்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அவர்கள் கண்ட துப்பாக்கி நிஜம், கயிறு நிஜம். அந்தப் பயத்தைப் பற்றி நக்கலாகப் பேசுகிறவனை எனக்குப் பிடிக்காது. ஆனால் உன் பயத்துக்கு என்ன காரணம்? உனக்கு எதிரில் எந்தத் துரை குதிரையில் வருகிறான்? தாத்தாவின் பயத்தைச் சொத்துபோல எழுதி வாங்கிக்கொண்ட நீ, தாத்தாவின் கோரிக்கைப் பட்டியலை மட்டும் ஏன் வாங்கிக்கொள்ளவில்லை?

"எனக்குப் பொருளாதாரமெல்லாம் புரியாதுண்ணே." இது அடுத்த சாக்கு.

புரியாதா? சரி, மேட்டிலிருந்து இறங்கி நிறுவைக்கு வா. காலையிலிருந்து கத்தரியால் கொழுந்து வெட்டி மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாய். சரிவு அதிகமில்லாத இடத்தில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இயந்திரத்தால் வெட்டுகிறார்கள். செங்குத்தில் இன்னும் கைதான், தோள்தான். தராசில் மூட்டை ஏறுகிறது. மழை நாளென்றால் ஈரத்துக்கு என்று கொஞ்சம் கழிவு, சாக்குக்கு என்று கொஞ்சம் கழிவு. அந்த முள் எங்கே நிற்கிறது என்று உன் அம்மா பார்க்கிற பார்வை இருக்கிறதே, அந்தக் கூர்மை எந்தப் பல்கலைக்கழகத்திலும் சொல்லிக்கொடுப்பதில்லை. நூறு கிராம் எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கண்ணை நிறுவைக் கொட்டகையோடு விட்டுவிட்டு வருகிறோம் என்பதுதான் என் கோபம். அதே கண்ணைச் சம்பளச் சீட்டின்மேல் போடு, பட்ஜெட்டின்மேல் போடு, நாடாளுமன்றத்தின்மேல் போடு.

கணக்கைத் தொடங்கலாமா? இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் 900 வெள்ளி. 2016இல் ஆயிரம். 2019இல் 1,100. 2022 மே மாதம் 1,500. 2025 பிப்ரவரி 1 முதல் 1,700. பன்னிரண்டு வருஷத்தில் இரட்டிப்புகூட ஆகவில்லை. இதே பன்னிரண்டு வருஷத்தில் உன் வீட்டுச் சமையல் செலவு எவ்வளவு ஏறியது? இதற்கான பதிலை எந்த அமைச்சரிடமும் கேட்காதே, உன் அம்மாவிடம் கேள். அவள் சொல்கிற எண்ணும் நான் சொன்ன எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததும் உனக்கு ஒரு கருத்து பிறக்கும். அது உன் கருத்து. டிவியில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு பேசுகிறவரின் கருத்துக்கு அது ஒரு மாற்றுக்கூடக் குறைந்ததில்லை.

இன்னொன்று. கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு இந்த 1,700 பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. எடைக்கூலி, துண்டுக்கூலி எதுவானாலும் மாதச் சம்பளம் அந்தத் தொகைக்குக் கீழே போகக்கூடாது என்று சம்பள ஆணையிலேயே எழுதியிருக்கிறது. சம்பளச் சீட்டு கொடுப்பதும் சட்டக் கடமை. அந்தச் சீட்டில் இபிஎஃப் என்கிற சேமநிதிப் பிடித்தத்தைப் பார். 1,700 சம்பளத்துக்கு உன் பங்கு 187 வெள்ளி, முதலாளி பங்கு 221 வெள்ளி. உன் 187ஐப் பிடித்துவிட்டார்கள், சரி. அந்த 221 உன் கணக்கில் விழுந்ததா? கைப்பேசியில் கேம் ஆடுகிற நேரத்தில் பத்து நிமிஷம் எடுத்து இபிஎஃப் கணக்கைத் திற. குத்தகைக்காரர்களிடம் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை நான் இரண்டு தடவை சொல்வேன். திற, பார். பிடித்த பணத்தைக் கட்டாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வருஷக்கணக்கில் பார்க்காமல் விடுகிற தொழிலாளியும் இருக்கிறான். முதலாமவனைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். இரண்டாமவனை யார் பார்ப்பது?

டீசல் கதையும் உனக்குத் தெரிந்ததுதான். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஒரே ராத்திரியில் ஏறியது. மானிய டீசல் எல்லை தாண்டிக் கடத்தப்பட்டது உண்மை. பணக்காரனின் நாலு சக்கரத்துக்கும் அந்த மானியம் போனதும் உண்மை. அதை நிறுத்தியது சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் முட்டைக்கோஸும் தக்காளியும் லாரி ஏறி இறங்காமல் இந்த மலையில் ஒரு குடும்பமும் பிழைக்க முடியாது. ஒரே ராத்திரியில் ஏற்றாமல் படிப்படியாக ஏற்றியிருக்கலாம். உதவித்தொகையை முதலில் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு விலையைத் தொட்டிருக்கலாம். இது என் கருத்து. உனக்கு வேறு கருத்து இருக்கலாம், இருக்கட்டும், சண்டை போடலாம். கருத்தே இல்லாமல் நீ நிற்கிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது நீதி. இங்கேதான் நம் ஆட்கள் கையை விரித்துவிடுகிறார்கள். "கோர்ட்டு கேசெல்லாம் காசு இருக்கிறவனுக்கு." பாதி உண்மை. மீதிப் பாதியை உனக்கு யாரும் சொல்லவில்லை. சம்பளப் பாக்கி, மிகைநேரக் கூலி தகராறு என்றால் தொழிலாளர் இலாகாவில் வக்கீல் இல்லாமலேயே புகார் செய்யலாம். அங்கேயே விசாரித்து உத்தரவு போட அதிகாரம் இருக்கிறது. காரணமில்லாமல் வேலையைவிட்டுத் தூக்கினால் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். இந்த 60 நாள்தான் உயிர்நாடி. அறுபத்தோராவது நாள் போய் அழுதால் கேட்க நாதியில்லை. எத்தனை பேர் "மேனேஜர் மனசு மாறுவார்" என்று காத்திருந்தே அந்த நாள்களைத் தின்றுவிட்டார்கள் தெரியுமா? கடையில் ஏமாந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி.

பெரிய இடத்தோடு மோத முடியுமா என்கிறாய். 2013 அக்டோபர் 23ஆம் தேதி விடியுமுன்னே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். அன்று மழை கொட்டியது. ரிங்லெட் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தூங்கிக்கொண்டிருந்தவர்களின் வீட்டுக்குள் சேறு வந்தது. உயிர்கள் போயின. கார்கள் தகர டப்பாவாக நசுங்கிக் கிடந்தன. அந்தக் குடியிருப்பாளர்கள் என்ன செய்தார்கள்? விதி என்று விட்டுவிடவில்லை. தீபகற்பம் முழுவதுக்கும் மின்சாரம் கொடுக்கிற தெனாகா நேஷனல் மீது வழக்குப் போட்டார்கள். காய்கறி விற்கிறவர்களும் கூலிக்குப் போகிறவர்களும் கேட்ட கேள்விக்கு அவ்வளவு பெரிய நிறுவனம் நீதிமன்றத்தில் நின்று பதில் சொல்ல வேண்டி வந்தது. மலையில் எவ்வளவு காட்டை அழித்தார்கள், ஏரியில் எவ்வளவு மண் சேர்ந்தது, சைரன் கேட்டதா, யார் பொறுப்பு என்று நாடே பேசியது. பேச வைத்தவர்கள் உன் பக்கத்து ஊர்க்காரர்கள்.

சிம்பாங் பூலாய் பாதையில் இறங்கினால் ஈப்போ. அங்கே ஒரு பாலர் பள்ளி ஆசிரியை, எம். இந்திரா காந்தி. 2009இல் கணவர் மதம் மாறி, மூன்று பிள்ளைகளையும் தாயின் சம்மதமில்லாமல் மதம் மாற்றி, பதினொரு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தப் பெண் ஒரு சாதாரண ஆசிரியை. நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறினார். ஜெயித்தார், தோற்றார், மறுபடி ஏறினார். 2018 ஜனவரி 29ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: பிள்ளையை மதம் மாற்றப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும். தீர்ப்பு வந்த பிறகும் மகளுக்காக அவர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது என்பது நாட்டுக்குத் தலைகுனிவு. ஆனால் அந்தத் தீர்ப்பு இன்று இந்த நாட்டின் எத்தனை தாய்மாருக்கு அரண்! சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை எழுத வைத்தவர் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். இதைப் படித்த பிறகும் "நான் சாதாரண ஆளு" என்று சொல்ல உனக்கு நாக்கு எழுமா?

வயசு போதாது என்கிறாயா? 2019 ஜூலை 16ஆம் தேதி மக்களவை ஓட்டு வயதை 21இலிருந்து 18ஆகக் குறைக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. ஆனால் அமல்படுத்துவதைத் தள்ளிப்போட்டார்கள். இளைஞர்கள் கோலாலம்பூரிலும் கூச்சிங்கிலும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2021 செப்டம்பரில் கூச்சிங் உயர்நீதிமன்றம், வருஷ முடிவுக்குள் அமல்படுத்து என்று உத்தரவிட்டது. டிசம்பர் 15ஆம் தேதி அமலானது. அடுத்த பொதுத் தேர்தலில் நீ பதினெட்டு வயதில் மையைத் தொட்டு ஓட்டுப் போட்டாயே, அந்த விரலுக்குப் பின்னால் இருந்தவர்கள் உன் வயசுப் பிள்ளைகள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. கோப்பிக் கடையில் நமக்குக் கருத்துப் பஞ்சமே இல்லை. அங்கே பிரதமரை நியமிக்கிறோம், நீக்குகிறோம். வாட்ஸ்அப்பில் வந்ததைப் படிக்காமலே பத்துக் குழுவுக்கு அனுப்புகிறோம். அதற்குப் பேர் கருத்து இல்லை, காற்று. யார் சொன்னார்கள், எந்தத் தேதி, எண் எங்கிருந்து வந்தது, இந்த மூன்றும் தெரியாத செய்தியை நான் தொடுவதில்லை. நீயும் தொடாதே. அரசியலமைப்பின் பத்தாவது பிரிவு உனக்குப் பேச்சுரிமை தருகிறது. அதே பிரிவு வரம்பும் போடுகிறது. தேச நிந்தனைச் சட்டம் 1948இலிருந்து உயிரோடு இருக்கிறது, இணையத்தில் எழுதுகிறதற்கும் தனிச் சட்டம் இருக்கிறது. இந்தச் சட்டங்கள் தளர வேண்டும் என்பது என் எண்ணம். தளரும்வரை ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசு. ஆதாரம் இருக்கிறவன் கத்தத் தேவையில்லை. இனத்தைத் திட்டி, மதத்தைத் திட்டிக் கைதட்டு வாங்குகிறவன் உன் சம்பளத்தில் ஒரு காசு ஏற்றித் தந்ததாகச் சரித்திரம் உண்டா?

அதைவிடக் கசப்பான ஒன்று. "வங்காளதேசத்துக்காரன் வந்து நம்ம வேலையப் பறிச்சுட்டான்." இந்தப் பேச்சு லயத்துக்கு லயம் கேட்கிறது. இன்று இந்த மேடுகளில் கொழுந்து வெட்டுகிறவர்களில் வங்காளதேசத்தார், நேப்பாளியர், இந்தோனேசியர் நிறையப் பேர். கப்பல் ஏறி, கடனோடு வந்து, மொழி தெரியாமல், கிடைத்த கூரையில் படுத்து... இந்தக் கதையை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? நாகப்பட்டினத்தில் ஏறி பினாங்கில் இறங்கிய கதைதானே இது! 2024 ஜனவரி 26ஆம் தேதி கம்போங் ராஜா பக்கம் புளூ வேலியில் மண் சரிந்தது. அதில் போனவர்கள் மியன்மார்த் தொழிலாளர்கள் ஐந்து பேர். சரிவில் தங்கவைக்கப்பட்டவன் செத்தால் அவன் எந்த நாட்டுக்காரன் என்று பார்த்துத்தான் நமக்குக் கோபம் வருமா? குறைந்த கூலிக்கு அவனைக் கொண்டுவந்து, அதைக் காட்டி உன் கூலியை அமுக்குகிறவன் யார் என்று பார். கேள்வியை அவனிடம் கேள். நம் ஆளுக்கு மட்டும் நியாயம் கேட்கிற வாயை எவனும் மதிக்க மாட்டான். கிள்ளானில் கேட்டவர்கள் சீனத் தொழிலாளியின் கூலியைக் குறைக்கச் சொல்லவில்லை, தங்கள் கூலியை அதற்குச் சமமாக ஏற்றச் சொன்னார்கள்.

அப்புறம் வீட்டுப் பெண்கள். நாட்டு நடப்பு ஆம்பளைங்க சமாச்சாரம் என்று எவனாவது சொன்னால் சிரித்துவிட்டுப் போ, தங்கச்சி. 1943இல் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி தூக்கியவர்களில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேர். உனக்குப் பிரசவ விடுப்பு 98 நாள் என்று 2023 ஜனவரி முதல் சட்டம் சொல்கிறது. உன் கங்காணி குறைத்துச் சொன்னால் நீ எந்த எண்ணைச் சொல்வாய்?

கடைசியாக, உண்மையான பயத்துக்கு வருகிறேன். "பேசினா வேலை போகும், வேலை போனா வீடு போகும்." இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தோட்ட வீடு வேலையோடு பிணைக்கப்பட்டது. ஓய்வு பெறுகிற நாளில் நாற்பது வருஷம் குடியிருந்தவர் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். இந்த ஒரு முடிச்சுதான் நம் குரல்வளையில் இருக்கிறது. ஆகவே தனியாகப் போய்க் கத்து என்று உன்னை நான் தூண்டிவிட மாட்டேன், அது வீரமில்லை. சிலாங்கூர் புக்கிட் தாகார் வட்டாரத்தில் ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக இருபது வருஷத்துக்கு மேல் போராடின. மனு போட்டார்கள், கூடினார்கள், நாடாளுமன்ற வாசலுக்கும் போனார்கள். ஆட்சிகள் மாறின, வாக்குறுதிகள் மாறின, அந்தக் குடும்பங்கள் மட்டும் மாறவில்லை. 2023இல் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அவர்களுக்கு வீட்டுத் திட்டத்தை அறிவிக்க வேண்டி வந்தது. ஒருத்தன் கேட்டால் அவன் பேர் தெரியும், துரத்தலாம். 245 வீடு சேர்ந்து கேட்டால் எந்தப் பேரைத் துரத்துவது?

தமிழ் நேசன் 1924இல் தொடங்கி 2019 வரை வந்தது. அதன் வாசகர் கடிதப் பக்கத்தை ஒரு தலைமுறையே தலையங்கத்துக்கு முன்னால் படித்தது. தோட்டத்துக்காரர்கள் பஸ் வரவில்லை, பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது என்று தாளில் எழுதி அனுப்பினார்கள். இன்றைக்கு உனக்கு உலகம் முழுக்கப் பேச ஒரு கருவி சட்டைப் பையில் கிடக்கிறது. அதில் காலை வணக்கம் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறாய்!

ஆரம்பிக்கிற இடம் சின்னதாக இருக்கட்டும். உன் லயத்துச் சடக்கில் விளக்கு எரியவில்லை, அல்லது பின்னால் இருக்கிற மேட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது, அல்லது பள்ளிக்கூட வேன் கட்டணம் திடீரென்று ஏறியிருக்கிறது. ஒன்றை எடு. தேதி போட்டுப் படம் பிடி. மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுது. எழுதத் தெரியாவிட்டால் படிவம் ஐந்து படிக்கிற பிள்ளையை உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதவை, அதுவும் கற்றுக்கொள்ளட்டும். என்ன நடந்தது, எப்போதிலிருந்து, யார் செய்ய வேண்டியது, எப்போதைக்குள் வேண்டும் என்று எழுது. கெஞ்சாதே, திட்டாதே. ஒரு வாரம் வீடு வீடாகப் போய்ப் பேர், அடையாள அட்டை எண், கையெழுத்து வாங்கு. "எனக்கு எதுக்குப்பா வம்பு" என்கிற பெரியப்பாவிடம் 462ஐச் சொல். அவர் யோசிப்பார். மறுநாள் மறுபடி போ.

பிறகு இரண்டு நகல் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை தானா ராத்தாவுக்கு இறங்கு. ஒன்று மாவட்ட அலுவலகத்துக்கு, இன்னொன்று நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு. முகப்பில் இருக்கிறவர் "வச்சிட்டுப் போங்க, பார்க்கிறோம்" என்பார். சிரித்துக்கொண்டே நில். உன் கையில் இருக்கிற நகலில் 'தெரிமா' என்று சாப்பு குத்தி, தேதி போட்டு, அவர் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தால்தான் நீ அந்த வாசலைத் தாண்டுகிறாய்.